இல்லம் புகும் முதற் கிள்ளை

செங்கற்பட்டுச் சீமை பறவைகளோடு நெடுநாள் உறவு பூண்ட மண். வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் நாரையையும் கொக்கையும் நீர்க்காகத்தையும் அவ்வூர் மக்கள் தம் ஊர்ச் செல்வமாகவே கருதிக் காத்து வந்துள்ளனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு அவற்றுக்குக் காப்பு வாங்கினர் என்பது வரலாறு. மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் தோறும் மலைமேல் வந்து உணவு கொண்டு சென்ற பாறுக் கழுகுகளை நம்மில் மூத்தோர் பலர் கண்டிருப்பர். 1990களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோயிற்று. இவ்விரண்டு ஊர்களிலும் பறவை மனிதனை நாடி வந்தது. கூண்டு என்பது அங்கே இல்லை.

வீட்டுக்குள் ஒரு பறவை வேண்டும் என்னும் ஆசையோ வேறு வகையினது. அதுவும் தமிழர்க்குப் புதியதன்று. கிள்ளை, தத்தை, சுகம், அஞ்சுகம் என்று கிளிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களின் பெருக்கமே அதன்பால் நாம் கொண்ட ஈடுபாட்டுக்குச் சான்று. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் பெயர் கூறுகிறது தொல்காப்பிய மரபியல். காக்கைக் குஞ்சையும் பிள்ளை என்று சொல்லலாம். எனினும் கிளிப்பிள்ளை என்னும்போது நம் வாயில் ஊறும் இனிமை அதற்கு வாய்க்கவில்லை. பலபட்டடைச் சொக்கநாதப் பிள்ளை அழகரிடம் தூதனுப்பக் கிள்ளையைத் தேர்ந்ததும் இம்மரபின்பாற்பட்டதே.

இன்றும் பிள்ளைகள் கிளி வேண்டும் என்று கேட்கும்போது அவர்தம் மனக்கண்ணில் நிற்பது பச்சைக்கிளிதான். அது அயலிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தே தலையிழந்து நிற்கும் பனையிலும் தென்னையிலும் உள்ள பொந்துகள் அதன் பிள்ளைப்பேற்று மனைகள். இறகு முளையாக் குஞ்சுகளை அப்பொந்துகளிலிருந்து எடுத்து விற்பது நெடுங்காலமாக நிகழ்ந்து வந்த தொழில். பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டி, சிறகைக் கத்தரித்து, மூங்கில் கூடையில் அடைத்து எடுத்துவரப்படும் குஞ்சுகளுள் பல விற்பனைக்கு முன்பே மடியும். எஞ்சியவை கையளவு கம்பிக் கூண்டில் மிளகாய்ப் பழத்தையும் சோற்றையும் தின்று காலங் கழிக்கும். குஞ்சை எடுப்போர் பொந்தை வெட்டி அகலமாக்கி விடுவதால், அடுத்த ஆண்டுக்கு அம்மரம் எந்தப் பறவைக்கும் பயன்படாமல் போவதும் உண்டு. இது பலர் கண்ணில் படாத இழப்பு.

சட்டமும் இதனை ஏற்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளைக் காக்கிறது. 1990-91ஆம் ஆண்டுகளில் இந்தியப் பறவைகளின் வாணிகம் முற்றிலும் தடுக்கப்பட்டது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. 2023 பிப்ரவரியில் சென்னையில் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவர், வீட்டில் இரண்டு பெருங்கிளிகளை வளர்த்தமைக்காக இரண்டரை இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்த நேர்ந்தது. 2024 ஏப்ரலில் கடலூரில், வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துத் தந்த சோதிடக் கிளியை வனத்துறை கைப்பற்றியது. வேட்பாளரின் வருங்காலத்தை உரைத்த அக்கிளி தன் உரிமையாளரின் வருங்காலத்தை உரைக்கவில்லை போலும்!

எனில், பிள்ளையின் ஆசையை என் செய்வது? பறவை வளர்ப்பதே தவறு என்று முடிவு கட்டுவாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. சிறுவர் அபூஉமைர் (ரலி) வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரின் துயர் தணியப் பறவையைப் பற்றி அன்போடு வினவிய செய்தியை நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். உணவும் நீரும் தந்து துன்புறுத்தாது பேணினால் பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் அதனைச் சான்றாகக் கொண்டனர். ஆகவே வினா, வளர்க்கலாமா என்பதன்று. எதனை, எப்படி என்பதே. அதற்கு நாம் தரும் விடை, காக்டெயில்.

பெயரும் பிறப்பும்

கடைக்காரர் காக்டெயில் என்று வழங்குவதால் நாமும் அவ்வாறே எழுதுகிறோம். ஆங்கிலேயர் காக்கட்டீல் என்பர். மதுக்கலவையின் பெயரோடு இதற்கு எவ்வித உறவும் இல்லை. கொண்டையுடைய பெருங்கிளியை மலாய் மொழியில் காக்காத்துவா என்பர். அச்சொல்லைக் கைக்கொண்ட போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ‘சிறிய’ என்னும் பொருள்தரும் ஈறு சேர்த்து வழங்கியதன் திரிபே இப்பெயர் என்பர் சொல்லாய்வாளர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாணிகம் செய்தாரே, அதே டச்சுக்காரர்தாம். பறவையின் தாயகமான ஆஸ்திரேலியாவில் குவாரியன் என்ற பழங்குடிப் பெயரும் வழக்கில் உண்டு. தமிழில் சிறு கொண்டைக்கிளி என்று சொன்னால் பொருள் பொருந்தும்; ஆனால் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், நீரும் புல்விதையும் உள்ள இடம் தேடிக் கூட்டமாக அலையும் பறவை இது. அலகு முனையிலிருந்து வால் நுனி வரை முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; அதில் பாதி வால். எடை நூறு கிராமுக்கு முன்பின். சாம்பல் நிற உடல், சிறகில் வெள்ளைப் பட்டை, கன்னத்தில் செம்மஞ்சள் வட்டம், தலையில் கொண்டை. வளர்ந்த ஆணின் முகம் பளிச்சென்ற மஞ்சள். பெண்ணின் முகம் மங்கல், வாலின் அடியில் வரிகள். முழு மஞ்சள், வெள்ளை முதலான நிறங்கள் வளர்ப்போர் இருபதாம் நூற்றாண்டில் தேர்ந்து பெருக்கியவை.

ஆஸ்திரேலியா தன் பறவைகளின் ஏற்றுமதியை 1960ஆம் ஆண்டையொட்டித் தடுத்துவிட்டது. எனவே இன்று நம் ஊர்க் கடையில் நாம் காணும் காக்டெயில் எதுவும் காட்டில் பிடிபட்டதன்று. பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த வழியில் வந்தது. இப்பறவையை முதலிற் பரிந்துரைக்க நமக்குப் போதிய காரணம் இஃதொன்றே. பச்சைக்கிளியை வாங்கும்போது ஒரு பொந்து வெறுமையாகிறது. காக்டெயிலை வாங்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. பன்னாட்டு உயிரின வாணிகத்தை நெறிப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலிலும் இது இடம்பெறவில்லை. அதனால் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா முதலியவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி செய்ய வேண்டிய பதிவு இதற்குத் தேவைப்படுவதில்லை.

கொண்டை பேசும் மொழி

பறவையோடு பழகாதவர்க்குள்ள பெருந்தொல்லை அதன் மனநிலையை அறிய இயலாமைதான். நாய் வாலையாட்டும்; பூனை உரசும். கிளியோ முகத்தில் ஒன்றும் காட்டாது நின்று, திடீரெனக் கடித்துவிடும். காக்டெயிலின் கொண்டை இக்குறையை நீக்குகிறது. கொண்டை செங்குத்தாய் எழுந்து நின்றால் அச்சம் அல்லது வியப்பு. பாதி சாய்ந்து தளர்ந்திருந்தால் அமைதி. தலையோடு ஒட்டப் படிந்து, வாய் திறந்து சீறினால் சினம். அப்போது கையை நீட்டலாகாது. பத்து வயதுச் சிறுமியும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளத் தக்க மொழி இது. தலையைக் குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினால், சொறிந்துவிடு என்று கேட்கிறது. மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்தில் பின்காலால் தன் முகத்தைச் சொறியும் மானைச் செதுக்கிய சிற்பி, விலங்கின் சிறு அசைவையும் எத்துணைப் பொறுமையோடு கண்டிருக்க வேண்டும்! அப்பொறுமையில் ஒரு பங்கு பறவை வளர்ப்பார்க்கும் தேவை.

குரலும் இதற்கு மென்மை. பச்சைக்கிளியின் கீச்சொலியும் மக்காவின் கூச்சலும் அண்டை வீட்டாரோடு பகை வளர்க்கும். காக்டெயில் சீழ்க்கையடிக்கும், ஆண் பறவை அதில் வல்லது. வாசல் மணியோசை, கைபேசி ஒலி, அடிக்கடி கேட்கும் பாட்டின் மெட்டு ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். பேச்சை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். சில சொற்கள் வரலாம். பச்சைக்கிளியின் தெளிவு வாராது.

நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறு பறவை உண்மையில் பட்ஜெரிகர். இதுவும் ஆஸ்திரேலியப் பறவையே. விலை குறைவு, இடம் சிறிது போதும். ஆனால் அது கைக்குப் பழகுதல் அரிது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அறிவிற் சிறந்தது. அவ்வறிவே அதற்குப் பகை. தனிமையும் சலிப்பும் மிகும்போது தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். தொடக்கநிலையில் உள்ளார் அதனைத் தொடாதிருத்தல் நலம். காக்டெயில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: கைக்குப் பழகும், கடித்தாலும் காயம் பெரிதாகாது, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

கடற்கரை வீட்டில்

பாலை நிலப் பறவையாதலால் நம் கோடை வெப்பத்தை அது ஓரளவு தாங்கும், நிழலும் காற்றும் தண்ணீரும் இருக்குமாயின். அதற்கு ஒவ்வாதது நம் கடற்கரையின் ஈரமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விதையில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த விதை பறவையின் நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கும். எனவே மழைக்காலத்தில் விதையைச் சிறிது சிறிதாக வாங்கி, மூடியுள்ள கலத்தில் வைத்தல் வேண்டும். கடலுப்புக் காற்றில் துத்தநாகப் பூச்சுள்ள மலிவான கூண்டு விரைவில் உரியும். உரிந்த பூச்சைப் பறவை கொறித்தால் அது நஞ்சு. துருப்பிடிக்காத எஃகுக் கூண்டே ஏற்றது. அகலம் இரண்டடிக்குக் குறையாதிருக்க வேண்டும்; உயரத்தினும் அகலமே முதன்மை, பறவை பக்கவாட்டில் பறப்பதாகலின்.

கூண்டைத் திறந்த மாடியிலோ தாழ்வாரத்திலோ தொங்கவிடுதல் கூடாது. காகம் கூண்டின் கம்பிவழி அலகை நுழைத்துக் கொத்தும். பூனையும் சாரைப்பாம்பும் வரும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளை எண்ணியேனும் கூண்டுக்கு வீட்டின் உள்ளறையில் இடம் வைத்திருத்தல் நன்று. இருளில் சிற்றொலி கேட்டாலும் காக்டெயில் திடுக்கிட்டுக் கூண்டெங்கும் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும் இயல்பினது. சுவரில் ஓடும் பல்லியே அதற்குப் போதும். தீபாவளி வெடி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மங்கலான விளக்கொன்றை இரவு முழுதும் எரியவிட்டால் இவ்வச்சம் பெரிதும் குறையும்.

நம் வீடுகளில் பறவைக்கு எமனாவது மின்விசிறி. கூண்டைத் திறப்பதற்கு முன் அதனை நிறுத்துவதை வீட்டிலுள்ள அனைவரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று புகை. பறவையின் நுரையீரல் காற்றுப்பைகளோடு இணைந்தது. நாம் முகர்ந்து விட்டுவிடுவதை அது முழுமையாக உள்வாங்கும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி ஆகியவற்றைப் பறவை இருக்கும் அறையில் ஏற்றலாகாது. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் எழும் ஆவி, சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும். இதனைக் கடையில் எவரும் சொல்வதில்லை. பறவையாலும் நமக்கு ஓர் இடர் உண்டு. அதன் இறகிலிருந்து வெண்பொடி ஓயாது உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின் இப்பறவையை வாங்காதிருப்பதே முறை.

உணவுக்கு வருவோம். குறிஞ்சித் திணையில் தலைவி தினைப்புனம் காப்பாள். தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளியை ஓட்டுவாள். ஓட்டப்பட்ட அக்கிளிக்கு மாறாக, கடல் கடந்து வந்த கிளிக்கு நாம் இன்று தினையைக் காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறோம். முழுத் தினைக்கதிரைக் காட்டினால் அஞ்சும் பறவையும் நெருங்கி வரும். தினை, சாமை, கம்பு முதலியன அடிப்படை. சூரியகாந்தி விதையைப் பறவை விரும்பும். கொழுப்பு மிகுதியாதலால் அளவு தேவை. விதை மட்டும் தின்று வளரும் பறவைக்கு உயிர்ச்சத்துக் குறை ஏற்படும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட் ஆகியவற்றை நன்கு கழுவி நாள்தோறும் தர வேண்டும். உப்பிட்ட பண்டம், சாக்லேட், தேநீர், வெங்காயம், அவகாடோ ஆகியன ஆகா.

சுண்ணாம்புச் சத்துக்காகக் கடைகளில் விற்கப்படும் வெண்ணிற ஓடு வேறொன்றுமன்று, கணவாய் ஓடுதான். சித்த மருத்துவத்தார் கடல்நுரை என்று வழங்கும் பொருள் இதுவே. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நம் கரையில் நடப்பார் காலில் இடறும் இவ்வோட்டை, நெகிழித்தாளில் சுற்றி விற்கும்போது விலை கொடுத்து வாங்குகிறோம். பொறுக்கி எடுத்து, உப்பு நீங்கச் சில நாள் நன்னீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் செருகினாலே போதும். பெண்பறவைக்கு இது மிக இன்றியமையாதது. துணையின்றியும் அது முட்டையிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஊறு நேரும். முட்டையிடும் பெட்டியைத் தொடக்கத்தில் வைக்காதிருத்தல் நல்லது.

வாங்குதல், பழக்குதல்

கண் தெளிவாகவும் மூக்குத்துளை உலர்ந்தும் எச்சவாய் தூய்மையாகவும் உள்ள பறவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறகைப் பந்துபோல் உப்பிக்கொண்டு பகலில் உறங்கும் பறவை நோயுற்றது; இரக்கப்பட்டு வாங்கினால் நோயையும் சேர்த்து வாங்குகிறோம். ஊட்டி வளர்த்தால் உங்களோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, தானே உண்ணத் தெரியாத குஞ்சை விற்பார் பலர். கஞ்சி சற்றுச் சூடாயின் இரைப்பை வெந்துவிடும், ஆறினாலோ செரியாது. பழக்கமில்லாத கையில் அக்குஞ்சு பிழைப்பதரிது. தானே விதையுடைத்துத் தின்னும் பத்து வாரப் பறவையே தொடக்கத்திற்கு உகந்தது.

வந்த முதல் வாரம் அதனைத் தொடாது விட்டுவிட வேண்டும். கூண்டருகே அமர்ந்து படிக்கலாம், பேசலாம். பின்னர் உள்ளங்கையில் தினைக்கதிர். அதன்பின் விரல்மேல் ஏறப் பழக்குதல். கையால் பிடித்து அமுக்கினால் ஒரு நாளில் பெற்ற நம்பிக்கையை மீட்க ஒரு மாதமாகும். ஒற்றைப் பறவை வளர்ப்போர் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் அதனோடு செலவிட வேண்டும், கூட்டமாக வாழும் இனமாதலின். அதற்கு இயலாதார் இணையாக வாங்கட்டும். அப்போது பறவை நம்மைவிடத் தன் இணையையே நாடும் என்பதையும் ஏற்கட்டும்.

இது பதினைந்து ஆண்டு, நன்கு பேணினால் இருபது ஆண்டும் வாழும் உயிர். ஆறாம் வகுப்பில் ஆசைப்பட்டுக் கேட்ட மகள் மேற்படிப்புக்கும் மணவாழ்வுக்கும் சென்றபின்னும் பறவை கூடத்தில் இருக்கும். அதனை யார் பேணுவார் என்பதை வாங்குமுன்பே வீட்டார் பேசி முடிவு செய்தல் வேண்டும். நோயை இறுதிவரை மறைப்பது பறவையின் இயல்பு. உணவு குறைந்தாலோ எச்சத்தின் நிறம் மாறினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பறவைகளுக்கும் மருத்துவம் செய்கிறது.

வளர்க்க இயலாது போனால் ‘சுதந்திரம்’ தருவதாக எண்ணித் திறந்து விடுவோர் உளர். வேடந்தாங்கலுக்கு வரும் நாரைக்கு வழி தெரியும், இதற்குத் தெரியாது. காகம் துரத்தும், உணவு தேடத் தெரியாது, ஓரிரு நாளில் மடியும். வளர்க்க விரும்புவார் வேறொருவரிடம் ஒப்படைப்பதே தக்கது. தவறிப் பறந்துவிட்ட பறவையைத் தேடும் வழியும் உண்டு. முதல் நாள் அது அண்மையில் ஏதேனும் மரத்திலோ கம்பியிலோ அஞ்சி அமர்ந்திருக்கும். அதன் கூண்டைக் கதவு திறந்தபடி மாடியில் வைத்துத் தினைக்கதிரைக் கட்டித் தொங்கவிட வேண்டும். வெளிச்சம் மங்குமுன்னும் மறுநாள் விடியலிலும் அருகில் நின்று, நாம் அதற்குக் கற்றுத்தந்த சீழ்க்கையையே அடிக்க வேண்டும். மரத்திலிருந்து அதே சீழ்க்கை திரும்பக் கேட்டால் துரத்தலாகாது. ஓசையை நிறுத்தாமல், அதுவே இறங்கி வரும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும்.